ஐந்து மணி மேடு

11 ஜனவரி, திங்கள்

பனி. எண்ணூர்ப் பக்கத்துப் புகைபோக்கிகள் ஒன்பது மணிவரை கண்ணில் படவில்லை.

மூன்று வருஷமாக விடை தெரியாத கேள்வி: வானத்து ரேடியோ அலையைப் பிடிக்க மாடியில் நான் நிறுத்தியிருக்கும் தகரக் கொம்பு எதையும் பிடிக்கவில்லை என்றால், அந்தத் திசையில் எதுவும் இல்லை என்று அர்த்தமா, என் கருவி செவிடு என்று அர்த்தமா? தெரியாது. முள் அசையாத மீட்டர் இரண்டுக்கும் ஒரே முகத்தைத்தான் காட்டுகிறது.

முள்ளின் அசைவைத் தாளில் கோடாக இழுக்கும் கல்லூரிப் பேனா ரெக்கார்டர் வந்து சேர்ந்தது. சைக்கிள் ரிக்‌ஷாவில், என் மடியில். ரிக்‌ஷாக்காரர்: "இன்னாம்மா, தையல் மிஷினா?" ஆமாம் என்றுவிட்டேன். இல்லை என்றால் ராயபுரம் பாலம் வரை விளக்கவேண்டும்.

துறைத் தலைவி சொன்னது: "பதினெட்டாம் தேதி காலையில லேப்ல இருக்கணும். இதுதான் கடைசித் தடவை. மூணு வருஷம் போதும்." அவர் இடத்தில் நான் இருந்தால் இரண்டு வருஷத்தில் நிறுத்தியிருப்பேன். ஆக, பொங்கல் விடுமுறை ஒரு வாரம். அதற்குள் விண்வெளி ஹைட்ரஜன் தாளில் விழவேண்டும். இல்லையென்றால் தகரத்தைக் காதர் பாயிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இன்று செய்தவை:
காதர் பாய் (வண்ணாரப்பேட்டை, கப்பல் கழிவுச் சாமான் கடை) கொடுத்த ரேடியோ வால்வு மாற்றியது. 
கேபிள் ஜன்னல் வழியே கீழே என் அறைக்கு. 
கொம்பு வடக்கே சாய்வு, சரிபார்த்தேன். 
மண்ணெண்ணெய் மறந்துபோனது.

கீழ் வீட்டு ஸ்டெல்லா துணி எடுக்க மாடிக்கு வந்தாள். கொம்பின் வாய்க்குள் தலையை விட்டுப் பார்த்தாள்.

"இன்னா டீச்சர், இத்தினி பெரிய ஸ்பீக்கரு, ஒரு பாட்டுகூட போட மாட்றீங்கோ?"

"இது ஸ்பீக்கர் இல்ல. காது."

"ஆரு பேசறத கேக்க?"

விண்மீனுக்கும் விண்மீனுக்கும் நடுவில் ஹைட்ரஜன் வாயு இருக்கிறது, தூசி இருக்கிறது. தூசி வெளிச்சத்தை மறைக்கும், ஆனால் அந்த வாயு விடுகிற ரேடியோ அலை தூசியைத் தாண்டி நம்மிடம் வரும் என்றேன். வகுப்பில் இதைவிட மோசமாகச் சொல்லியிருக்கிறேன்.

"காத்தா? அத்தான் கடல்லேந்து சும்மாவே அட்ச்சிகினு கீதே."

மாலை. கதவைச் சாத்திக்கொண்டு அறையில் பேனாவின் எதிரில். பால்வழி கொம்பின் நேரே வருவது ஐந்தேகாலுக்கு. ஐந்துக்குப் பேனா எழுந்தது. எழுந்து, சிறிது நின்று, இறங்கியது. தாளில் ஒரு மேடு.

உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். காபி ஆறிப்போனது தெரியவில்லை.

12 ஜனவரி, செவ்வாய்

மேடு மறுபடியும். அதே உயரம்.

நேற்று இரவு சரியாகத் தூங்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். காலையில் மாதா கோயில் பூசைக்குப் போன இடத்தில் சாமியார் பிரசங்கம் முழுக்க லாக் டேபிள் ஞாபகம். வரும் ஜூனில் வயது ஐம்பது. வெட்கம்தான்.

என் கணக்கையும் எடுத்துப் பார்த்தேன். பால்வழியின் வாயுவைச் சுழலும் ஒரு தட்டில் சலித்த மாவுபோல் சீராகப் பரப்பியிருக்கிறேன். அப்படிப் பரப்பினால், ரேடியோவில் ஸ்டேஷன் தேடுவதுபோல் அலைவரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நகர்த்திக்கொண்டு போகையில் ஒற்றை மேடு வரும். ஒரு பக்கம் சரிவு நீளம். வாயு குவியல் குவியலாக, சுருள் கைகளாக இருக்கிறது என்று புத்தகங்களில் படம் போட்டிருக்கிறார்கள். நான் பார்க்கவில்லை. பார்க்காததை என் கணக்கில் சேர்ப்பதில்லை.

13 ஜனவரி, புதன். போகி

விடிகாலையில் தெரு முழுக்க டயர்ப் புகை. கோயில் கோபுரம் போனது, எதிர் வீடு போனது, என் கை மட்டும் மிச்சம். பேனாவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கோடு நேராக ஓடியது. தூசிக்குள் ரேடியோ அலை போகும் என்பதற்கு இவ்வளவு கலீஜான விளக்கப்படம் வேறு கிடைக்காது.

ஐந்து மணி. மேடு.

மூன்று நாள் தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. மேடுகள் ஒன்றன்மேல் ஒன்று அச்சாகப் பொருந்துகின்றன. பொருந்தக்கூடாது. வானம் ஒவ்வொரு நாளும் நான்கு நிமிடம் முன்னதாக வரும். துறைமுகச் சங்குதான் அதே நேரத்துக்கு வரும். தவிர, இந்த மேடு சுவர்போல் செங்குத்தாக ஏறுகிறது. பால்வழி என் கொம்பின் முன் மெதுவாக நகர்ந்து போவது, சுவர்போல் ஏறாது.

இது வானம் இல்லை. மனிதர் யாரோ, அல்லது மனிதர் செய்த ஏதோ. ஐந்து மணி ஷிப்ட் மோட்டாரா? பட்டறை வெல்டிங்கா?

இரண்டு நாள் சந்தோஷப்பட்டாயிற்று. அது போகட்டும்.

14 ஜனவரி, வியாழன். பொங்கல்

ஸ்டெல்லா ஒரு தூக்கு நிறையப் பொங்கல் கொடுத்தாள். அவள் கணவர் லூர்து, துறைமுகத்தில் கப்பல்களை இழுக்கும் டக் படகில் எஞ்சின் ஆள். இன்று அவருக்கு லீவு, பகல் முழுக்க அவர் குரல்தான் கீழே. முந்திரி எண்ணிக்கை பற்றி இருவருக்கும் சண்டை.

ஐந்து மணி: மேடு இல்லை. ஐந்தேகால்: ஒன்றும் இல்லை. ஆறு: ஒன்றும் இல்லை.

பட்டறைகளும் இன்று மூடல். ஆக, பட்டறைதான். மூன்று வருஷம் கழித்து என் கொம்பு கேட்ட முதல் குரல் வெல்டிங் ராடு.

பொங்கல் நன்றாக இருந்தது. முந்திரி குறைவு என்பதும் உண்மை.

15 ஜனவரி, வெள்ளி

எழுதவே சிரிப்பு வருகிறது.

பட்டறைகள் இன்றும் மூடல், மாட்டுப் பொங்கல். ஆனால் ஐந்து மணிக்குப் பேனா எழுந்தது. கேபிள் எங்கோ தளர்ந்திருக்கும் என்று மாடிக்கு ஓடினேன். கொம்பின் வாய்க்கு நேர் முன்னால், துணி துவைக்கும் கல்லின்மேல் ஏறி, கண்ணுக்குக் கையைக் குடைபிடித்துக்கொண்டு ஸ்டெல்லா.

"இங்க என்ன பண்ற?"

"டக் பாக்கறேன் டீச்சர். அத்து உள்ள திரும்பிச்சின்னா உல வெப்பேன். ஊட்டுக்காரு வந்து நிக்கசொல்லோ சோறு ரெடியா இருக்கணும், இல்லாங்காட்டி பேஜாரு."

"தினமுமா?"

"டியூட்டி கீற அன்னிக்கெல்லாம். நேத்து லீவு. அப்பால ஏன் ஏறி நிக்கணும்?" என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள். "ஏன் டீச்சர், எதுனா ஒட்ச்சிட்டனா?"

வெளிப் படிக்கட்டில் ஏறி வந்து, வெளிப் படிக்கட்டிலேயே இறங்கிப் போகிறாள். அறைக்குள் இருக்கும் எனக்கு எப்படித் தெரியும்? மனித உடம்பு சூடு. சூடான எதுவும் சிறிதளவு ரேடியோ அலை விடும். கொம்புக்கு எதிரே குளிர்ந்த வானம் இருந்த இடத்தில் ஸ்டெல்லா வந்து நின்றால் பேனா எழத்தான் வேண்டும். பாடமாக எத்தனை முறை சொல்லிக்கொடுத்திருக்கிறேன்!

"கீழ இறங்கு" என்றேன். படிக்கட்டில் பாதி இறங்கி, என் அறை ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். பேனா இறங்கியது. "ஏறு." ஏறியது.

படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். செவிடு இல்லை. என் கருவி செவிடு இல்லை. ஒரு பெண்ணின் உடம்புச் சூட்டைக் கேட்கிறது.

அதன்பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. லூர்து வந்தார், உலை வைக்கவில்லை என்று கத்திக்கொண்டே மாடி ஏறினார், விஷயம் கேட்டார், கல்மேல் ஏறி நின்றார். அவர் மேடு ஸ்டெல்லாவுடையதைவிட உயரம்.

"பாத்தியா? எனுக்குத்தான் பவர் ஜாஸ்தி."

"யோவ், பவரு இல்லய்யா, தொப்ப. காதுக்குள்ள பூரா நீதான் அடச்சிகினு நிக்கிற."

ஸ்டெல்லா சொன்னதுதான் இயற்பியல். கொம்பின் வாயை எவ்வளவு மறைக்கிறாரோ அவ்வளவு உயரம்.

ஒயர் பற்றவைக்கும் ஈயம் கொடுக்க வந்த காதர் பாயையும் ஏற்றிவிட்டார்கள். தொப்பியைக் கழற்றவேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். "நான் கொடுத்த வால்வுல நானே ஏர்றேன், அல்லா!" என்று சிரித்தார். எதிர் மாடியில் பட்டம் விட்டுக்கொண்டிருந்தவர்கள், "டீச்சர் ஊட்ல போட்டோ புடிக்கிறாங்கோ" என்று கத்தினார்கள்.

இதில் பயன் இருக்கிறது. இதுவரை பேனாவின் உயரத்துக்கு அளவே இல்லாமல் இருந்தேன். இப்போது இருக்கிறது. அலகு: 1 ஸ்டெ. (வாயை அடைத்துக்கொண்டு அசையாமல் நிற்கும் ஸ்டெல்லா.) என் கணக்குப்படி ஹைட்ரஜனிடம் எதிர்பார்க்கும் உயரம், 0.2 ஸ்டெ. நேற்று ஒன்றும் தெரியாததற்கும் காரணம் விளங்குகிறது: ஐந்தில் ஒரு பங்கு மேடு மணிக்கணக்கில் மெல்ல ஏறினால், கருவியின் சொந்தத் தள்ளாட்டத்தில் கரைந்துவிடும். ஒரே அலைவரிசையில் காத்திருப்பது வீண். அலைவரிசையை மெதுவாக நகர்த்திக்கொண்டே போகவேண்டும்; ஹைட்ரஜனின் அலைவரிசையைத் தாண்டும்போது மட்டும் பேனா சில நிமிடத்தில் எழுந்து இறங்கிவிடும். பாயிடம் கடிகார மோட்டார் கேட்டிருக்கிறேன். காலையில் தருவதாகச் சொன்னார்.

லூர்து கீழே போகும்போது: "எல்லாம் சரி டீச்சரம்மா. சோறு?"

16 ஜனவரி, சனி

மோட்டார் வந்தது. அலைவரிசைக் குமிழோடு நூல் கட்டி, சோப்புத் தேய்த்து, பத்து மணிக்குச் சீராகச் சுற்றவைத்தேன்.

இன்று ஐந்துக்கு மாடி ஏறக்கூடாது என்று ஸ்டெல்லாவிடம் சொல்லியாயிற்று. "அப்போ டக் வந்துச்சின்னு எனுக்கு எப்டி தெரியும்?" நியாயமான கேள்வி. லூர்து, "ஒரு நாளு பட்டினி கெடந்தா செத்தா பூடுவேன்?" என்றார். பெரிய மனது. முகம் அப்படி இல்லை.

ஐந்தேகால். குமிழ் நகர்ந்தது. பேனா சமமாக ஓடியது, ஓடியது, பிறகு எழுந்தது.

நின்றுகொண்டே பார்த்தேன். ஆயிரத்து நானூற்று இருபது மெகாசைக்கிள் பக்கத்தில், ஹைட்ரஜன் இருக்கவேண்டிய இடத்தில். உயரம் ஸ்டெ.வில் ஐந்தில் ஒன்றுக்குச் சற்றே மேல். இறங்கியது. என் கணக்குப்படி இப்போது நீளமான சரிவு வரவேண்டும்.

வரவில்லை. பேனா சமதரையையே தொட்டது போல் இறங்கி, மறுபடி எழுந்தது. இரண்டாவது மேடு. நம்மை நோக்கி வேகமாக வரும் வாயுவுக்கு உரிய இடத்தில்.

குமிழைப் பின்னால் திருப்பி மறுபடி ஓடவிட்டேன். இரண்டு மேடு, நடுவில் பள்ளம். நான் மாவாகப் பரப்பியதை வானம் குவித்து வைத்திருக்கிறது.

உலகத்துக்குப் புதிது இல்லை. இருபது வருஷமாக வெளிநாட்டில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ராயபுரத்துக்குப் புதிது. ஆனால் ஒன்றை யோசிக்கிறேன்: முதல் மேட்டுக்கு நான் ஆசைப்பட்டேன். இரண்டாவதுக்கு ஆசைப்படவில்லை, என் கணக்கு கெட்டுப்போவதால் அது வேண்டாம் என்றே இருந்தேன். ஆசைப்படாதது வந்து நிற்கிறது என்றால், அது என் கற்பனை இல்லைதானே?

அவசரம் வேண்டாம். இரண்டு நாள் ஸ்டெல்லாவைப் பால்வழி என்று நம்பியவள் நான். துறைமுக ஒயர்லெஸ் இந்தப் பக்கம் வழிந்திருக்கலாம். மோட்டார் ஒரு இடத்தில் சிக்கியிருக்கலாம்.

நாளை சோதனை. முதலில் கொம்பை உச்சிவானத்துக்குத் திருப்புவது. அங்கே வாயு குறைவு, மேடுகள் ஏறக்குறையப் படுக்கவேண்டும். பிறகு வடக்கே சாய்ப்பது; எழவேண்டும். படுக்காவிட்டாலும் எழாவிட்டாலும் திங்கள் காலை ரெக்கார்டரோடு என் மூன்று வருஷமும் ரிக்‌ஷாவில் ஏறிப் போகும்.

லூர்து வீட்டுக்கு வந்தபோது சோறு வேகவில்லையாம். கீழேயிருந்து கேட்டது: "நட்சத்திரம் சோறு போடுமாடி?"

17 ஜனவரி, ஞாயிறு

வெயில். கடற்காற்று பலம்.

லூர்து மதியம் வந்து கொம்பைக் கயிற்றால் கட்டி உச்சிக்கு நிமிர்த்தினார். ஐந்துக்குச் சற்று முன் ஓட்டினேன். பேனா கிட்டத்தட்ட நேர்க்கோடு. மேடு இருந்த இடத்தில் சிறு வீக்கம், அவ்வளவுதான். லூர்தைக் கூப்பிட்டு வடக்கே சாய்த்தேன். எல்லாரையும் கீழே அனுப்பினேன். கதவைச் சாத்தினேன்.

முதல் மேடு. பள்ளம். இரண்டாவது மேடு. நேற்றைய தாளை மேலே வைத்துப் பார்த்தேன். இரண்டும் அதே இடத்தில்.

மறுபடி உச்சிக்கு, மறுபடி வடக்கே. வீக்கம், இரண்டு மேடு.

"ஸ்டெல்லா!" என்று கத்தினேன். இந்தத் தெருவில் இருபது வருஷமாக இருக்கிறேன், ஒருநாளும் யாரையும் கத்திக் கூப்பிட்டதில்லை. லூர்து தலை துவட்டிய துண்டோடு ஓடி வந்தார். பின்னாலேயே ஸ்டெல்லா, மூச்சு வாங்க, கையில் கரண்டி, கண்ணில் பயம். தாளைக் காட்டினேன். இரண்டு மேட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மாதா மேல சத்தியமா நான் இல்ல டீச்சர். நான் மேல வர்லே. அடுப்பாண்டதான் நின்னேன், அவரயே கேளுங்கோ."

"தெரியும்" என்றேன். "நீ இல்ல."