டிரா கேட்டார், தரவில்லை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் சுகம். குழந்தைக்குப் பல் முளைக்கிற காய்ச்சல் விட்டதா? உன் மாமியாருக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே குளியலறைக் குழாயை ஒருவழியாக மாற்றிவிட்டேன்.

அப்பா திருந்திவிட்டார், தனியாகக் கஷ்டப்படுகிறார், சேர்த்துக்கொள் என்று எழுதியிருந்தாய். உடனே பதில் போடவில்லை என்று கோபப்படாதே. அதற்குள் அவரையே நேரில் பார்க்கும்படி ஆகிவிட்டது. நூலக மாடியில் சதுரங்கப் போட்டி நடந்ததல்லவா, கடைசிச் சுற்றில் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தது உன் அப்பாதான்.

அவருக்கு வெள்ளை, எனக்குக் கறுப்பு. பார்த்ததும் சிரித்தார். "பழைய மாதிரியேதான் போல" என்றார். நம் வீட்டில் என்றைக்கு எனக்கு வெள்ளை கிடைத்தது? அவர் வீட்டை விட்டுப் போகும்வரை கறுப்புதான். அடி வாங்கி வாங்கியே அதில் எனக்குக் கை தேறிவிட்டது என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

வழக்கம்போல எடுத்த எடுப்பில் ராணியை விட்டு மிரட்டினார். நான் ராஜாவைக் கோட்டைக்குள் வைத்துவிட்டு, அவருடைய சிப்பாய் ஒன்றைத் தின்றேன். ராணிகள் வெட்டுப்பட்டன. கடைசியில் ஆளுக்கொரு யானை மிஞ்சியது; எனக்குச் சிப்பாய் ஒன்று கூடுதல். அப்போதுதான் குனிந்து, "டிராவா முடிச்சுக்கலாமே. எல்லாத்தையும்தான். சாயங்காலம் பெட்டியோட வந்துடுறேன்" என்றார்.

அவர் சட்டைக் காலர் நைந்திருந்தது. பொய் சொல்ல மாட்டேன், பாவமாகத்தான் இருந்தது. ஆனால் உனக்கு டைபாய்டு வந்து கிடந்தபோது ஒரு எட்டு வந்து பார்க்காத மனுஷர், தோற்கப் போகிறோம் என்று தெரிந்ததும் சமாதானம் பேசுகிறார். "வேணாம், ஆடுங்க" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்துப் பலகைக்காரர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

யானையைத் துணைக்கு வைத்துக்கொண்டு அந்தச் சிப்பாயைக் கட்டம் கட்டமாக நகர்த்தினேன். அது ராணியாக இன்னும் ஒரே கட்டம் இருக்கும்போது, தோல்வியை ஒத்துக்கொண்டு ராஜாவைச் சாய்த்துவிட்டுக் கை நீட்டினார். நானும் கொடுத்தேன். படியிறங்கும்போது மறுபடி வீட்டுப் பேச்சை எடுத்தார். மாடியில் பலகை முன்னால் சொன்னதுதான் பதில் என்று சொல்லிவிட்டு நடந்தேன். அன்றைக்கு எனக்கு அப்படி ஒரு பசி!

நீ வரும்போது அவரைப் போய்ப் பார். பேத்தியைக் காட்டு. அவர் உனக்கு அப்பா, அதில் நான் குறுக்கே நிற்க மாட்டேன். எனக்காக மட்டும் யாரிடமும் பேசாதே, கண்ணு.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். சீக்கிரம் வா. எந்த நேரத்தில் வந்தாலும் கதவைத் திறக்க நான் ஒருத்தி இருக்கிறேன், போதும்.

என்றும் உன்,
அம்மா