முனியாண்டிக் கண்

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல் நல்லா வந்துச்சு. நெய் கொஞ்சம் தூக்கல்.

சுபா எங்கிருந்தோ பழைய சின்ன கேமரா ஒன்றை வாங்கி வந்திருக்கிறாள். கையில் போன் இருக்கும்போது இது எதுக்குடி என்றால், "இதுல வர்றது வேறம்மா, இப்ப எல்லாரும் இதான் வச்சிருக்காங்க" என்கிறாள். பெத்த மகள், சரி.

சாயங்காலம் இவரை ஹாலில் உட்கார வைத்து ஒன்று பிடித்தேன். ஹால் லைட்டு பாதி செத்துக் கிடக்கு, மாத்துங்க மாத்துங்கன்னு தீபாவளியிலிருந்து சொல்றேன். ஃப்ளாஷ் பளிச்சுன்னு அடிச்சது. பார்த்தால் நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் உருத்திராட்சம், நடுவில் ரெண்டு கண்ணும் நெருப்பு மாதிரி சிவப்பு. வயிறு வலிக்கச் சிரித்தேன். சும்மா இருக்க முடியுமா? குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டேன்: "எங்க வீட்டு முனியாண்டி. சுருட்டும் சாராயமும்தான் பாக்கி."

ஜனவரி 15, புதன்

பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜுருவிலிருந்து இவர் அண்ணன் போன். நான் மாமான்னுதான் கூப்பிடுவேன்.

"என்னாம்மா ருக்கு, தம்பி ஆரம்பிச்சிட்டானா?"

எனக்கு முதலில் விளங்கவே இல்லை. பிறகுதான் உறைத்தது. முனியாண்டிக்குச் சாராயம் படைக்கிறது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். நான் கண்ணுக்குச் சொன்னேன், அவர் சாராயத்தைப் பிடித்துக்கொண்டார்.

"மாமா, அது கேமரா பண்ற வேலை."

"ஏன், கேமரா குடிச்சிச்சா?"

வைத்துவிட்டார்.

ஜனவரி 16, வியாழன்

தூக்கம் வரலை. எழுதினாலாவது ஆறுதா பார்ப்போம்.

மாமாவின் கார் ரிப்பேர் பட்டறையில், கெட்டுப்போன காடிகளை இழுத்து வர ஒரு லாரி உண்டு. இவர்தான் ஓட்டினார். குடித்துவிட்டுக் கொண்டுபோய் கால்வாயில் இறக்கினார், மாமா சாவியைப் பிடுங்கிக்கொண்டார். இப்போ பாயான் பாருவில் ஒரு ஃபேக்டரி வாசலில் ஜாகா, காவல் வேலை. போன வருஷத்திலிருந்து ஒரு சொட்டு தொடவில்லை. "தைப்பூசம் வரைக்கும் சுத்தமா இரு, சாவியத் தரேன்" என்று மாமா எல்லார் முன்னாலும் சொன்னார். அதுக்குத்தான் இந்த விரதம், பால்குடம் எல்லாம்.

இன்றைக்குக் குரூப்பில் ஆளாளுக்குத் தீர்ப்புச் சொல்றாங்க. விரதத்தில் குடிச்சானாம். பாவமாம்.

இவர் ஒன்றும் சண்டை போடவில்லை. சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே, "மொதல்ல சிரிச்சது நீதானே" என்றார். வேலைக்குப் போய்விட்டார்.

திட்டியிருந்தா தேவலை.

ஜனவரி 18, சனி

நல்ல படம் ஒன்று அனுப்பினால் முடிந்தது என்று நினைத்தேன். சுபா கேமராவில் கண் படம் போட்ட பொத்தானைக் காட்டினாள். அதை வைத்தால் சிவப்பு வராதாம். முதலில் ஒரு வெளிச்சம் அடிக்கும், அதில் கண் சுருங்கும், அடுத்த வெளிச்சத்தில்தான் படம் விழும்.

இவருக்கு யார் சொல்வது? முதல் வெளிச்சத்திலேயே முடிஞ்சதுன்னு எழுந்துவிடுகிறார். ஒன்றில் கண் பாதி மூடி, வாய் பிளந்து... அடக்கடவுளே, அந்தப் படத்துக்கு முனியாண்டியே பரவாயில்லை.

"ரெண்டாவது அடிக்கிற வரைக்கும் அசையாதீங்க."

"ஒரு தடவ அடி வாங்குனது பத்தாதா?"

எனக்குச் சிரிப்பு முட்டியது. இந்தத் தடவை சிரிக்கவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

இன்னிக்கும் சிவப்பு.

ஜனவரி 22, புதன்

புத்தி கெட்டுப்போய், பழைய படத்திலேயே கண்ணைக் கறுப்பாக்கித் தாடின்னு சுபாகிட்ட கேட்டேன். போனில் என்னவோ தட்டினாள். ரெண்டு சட்டைப் பொத்தானைத் தைத்து வைத்தது போல வந்தது. அதையும் அனுப்பினேன்.

மாமா ஒரே வரி: "ஒன்னும் இல்லன்னா ஏன் மாத்தி அனுப்புறீங்க?"

இவர் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். படித்தார். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "விடு ருக்கு. சாவியும் வேணா, ஒன்னும் வேணா" என்றார்.

அந்தக் குரல் எனக்குத் தெரியும். அப்படிப் பேசின சாயங்காலங்களில்தான் முன்பெல்லாம் கடைப் பக்கம் போவார். வாசல் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போகவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் பாயை விரித்தார்.

ஜனவரி 26, ஞாயிறு

சுபா உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். இருட்டில் கண்மணி பெரிசாகத் திறந்து கிடக்குமாம். ஃப்ளாஷ் நேராக உள்ளே போய், பின்னால் இருக்கிற ரத்தச் சிவப்பைத் தூக்கிக்கொண்டு நேராகவே திரும்பி வருமாம். அதனால் லைட்டைப் போடணும். கிட்டப் போய் எடுக்கணும். லென்ஸைப் பார்க்காமல் கொஞ்சம் தள்ளிப் பார்க்கணும்.

அப்போ எல்லாத்துக்கும் காரணம் அந்தச் செத்த லைட்டு. நானே ஸ்டூலில் ஏறி மாற்றினேன். என் காதைப் பாருங்கன்னேன், பார்த்தார். கண் கறுப்பு, சுத்தம். அனுப்பினேன்.

மாமா: "ஏன் நேரா பார்க்க மாட்டேங்கிறான்?"

இந்த மனுஷனை என்ன செய்யலாம் சொல்லுங்க.

பிப்ரவரி 10, திங்கள்

நாளைக்குத் தைப்பூசம். மாமா பாலம் தாண்டி வருகிறாராம். கண்ணால் பார்த்தால்தான் நம்புவாராம்.

வரட்டும்லா. கேமராவுக்கு சார்ஜ் போட்டிருக்கேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரம், இன்னும் விடியவில்லை. மாமா நேராக வந்து இவர் முகத்துக்குப் பக்கத்தில் மூச்சை மோந்து பார்த்தார். பால்குடத்தோடு நிற்கிற ஆளை. இவர் அசையாமல் நின்றார்.

"இன்னிக்கு இல்ல, சரி" என்றார் மாமா. "அன்னிக்கு?"

எனக்கு வந்த கோபத்தில் நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

"மாமா, அண்ணன் தம்பி சேர்ந்து ஒரு படம்."

பந்தல் வெளிச்சத்தை விட்டு மரத்தடிக்குக் கூட்டிப்போனேன், நல்ல இருட்டு. கண் பொத்தானை அணைத்தேன். நாலு எட்டு பின்னால் போனேன். இவரிடம், நீங்க என் காதைப் பாருங்க என்றேன்.

"மாமா, நீங்க நேரா லென்ஸைப் பாருங்க. நேரா."

பளிச்.

படத்தைப் பெரிசாக்கி மாமா கையில் கொடுத்தேன். இவர் கண் கறுப்பு. பக்கத்தில் மாமா, ஜிப்பா, சந்தனப் பொட்டு, பயிருக்குக் காவல் நிற்கிற பூதம் மாதிரி ரெண்டு சிவப்புக் கண். வாழ்நாளில் பீர் வாசம்கூட அறியாத மனுஷன்.

ரொம்ப நேரம் பார்த்தார்.

"காலையில பால்தான் குடிச்சேன்" என்றார், மெதுவாக.

"தெரியும் மாமா. கேமராதான் குடிச்சிருக்கு."

சுபா திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. மாமா சிரிக்கவில்லை. கேமராவை என்னிடம் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றினார். தம்பிக்குப் பின்னால் படியேறினார், உச்சி வரைக்கும்.

அந்தப் படத்தைக் குரூப்பில் போடக் கை அரித்தது. தலைப்புகூட அடித்துவிட்டேன். அழித்தேன்.

பிப்ரவரி 13, வியாழன்

குரூப்பில் மாமா: "தம்பி சுத்தம். நான்தான் அவசரப்பட்டேன்." அவ்வளவுதான். அவருக்கு அதுவே பெரிசு.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஜுருவுக்குப் போனோம். பட்டறை வாசலில் லாரி, மொட்டை வெயில். இவர் ஒரு கையில் மாமா கொடுத்த சாவி, மறு கையைக் கதவில் வைத்துக்கொண்டு நின்றார். ஒன்று பிடிக்கலாம் என்றேன். உடனே என் காதைப் பார்க்கிறார்.

"வெயில்ல சிவக்காது. என்னைப் பாருங்க."

"நீ சிரிப்ப."

சிரிக்கலை என்றேன். நேராகப் பார்த்தார்.

யாருக்கும் அனுப்பவில்லை.