சுவரின் நிறத்தில் ஒரு மனிதர்

என் பியூலாவுக்கு,

நம் படம் முடிந்துவிட்டது. யாரிடம் சொன்னாலும் "கங்கிராட்ஸ்" என்கிறார்கள். நீயாக இருந்தால் "கடைசி சீன் என்ன பண்ணினே?" என்றுதான் முதலில் கேட்டிருப்பாய். அதைக் கேட்க ஆளில்லை. அதனால் இப்படி, நாலு பேர் படிக்கிற இடத்தில் உனக்கு எழுதுகிறேன்.

நாம் உட்கார்ந்து படம் வரைந்த சேலையூர் மாடி அறையை இன்னும் காலி செய்யவில்லை. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் கை தானாகப் பாதியை மூடியில் எடுத்து வைக்கிறது. பிறகு அதையும் நானே சாப்பிடுகிறேன்.

உனக்குத் தெரிந்ததுதான், படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். பகலெல்லாம் விளம்பரங்களுக்குப் பொம்மைகளை அசைய வைத்துவிட்டு, மீந்த நேரத்தில் நாம் இருவரும் சொந்தமாக ஒரு சின்ன அனிமேஷன் படம் செய்தோம். மகள் வெளிநாடு போனபின் வீட்டில் தனியாக இருக்கும் ஓர் அப்பாவின் கதை. வசனம் கிடையாது. மனசில் இருப்பதை நிறமும் வெளிச்சமும்தான் சொல்ல வேண்டும். மகள் இருக்கும் காட்சிகளில் கிளிப்பச்சைச் சுவர், அதன் முன்னால் அவளுடைய சிவப்புச் சுடிதார், ஜன்னல் வழியே குறுக்காக வெட்டி விழும் வெயில். நிறங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ள, வீடே கலகலவென்று இருந்தது. அவள் போனபின் அந்தக் கான்ட்ராஸ்ட்டைக் காட்சிக்குக் காட்சி குறைத்துக்கொண்டே வந்தோம்.

சண்டை கடைசிக் காட்சியில் வந்தது. அப்பா ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். நான் ஹால் முழுக்க நீலமாக்கி, அவருக்கு மட்டும் மஞ்சள் சட்டை போட்டிருந்தேன். நீ பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினாய்.

"இதுல எல்லார் கண்ணும் அவர் மேலதான போகுது கௌரி. இது எப்படித் தனிமை ஆகும்?"

"வேற என்ன பண்ணச் சொல்றே?"

"சட்டை, நாற்காலி, சுவர் எல்லாத்தையும் ஒரே சாம்பல்ல போடு. வீட்டுச் சாமானோட சாமானா ஆயிடணும் அவர்."

"அப்புறம் அவர் அங்க இருக்கிறதே தெரியாதேடி."

"அதத்தான் சொல்றேன்."

இரண்டையும் வரைந்து வை, வெள்ளிக்கிழமை பார்க்கலாம் என்றாய். அந்த வாரம் உனக்குக் காய்ச்சல். மழைக்காலத்தில் எல்லோருக்கும் வருவதுதான் என்று நீயும் நினைத்தாய், நானும் நினைத்தேன். வெள்ளிக்கிழமை உன்னைச் சர்ச்சில் பெட்டிக்குள் பார்த்தேன். வெள்ளைப் புடவை கட்டியிருந்தார்கள். வெள்ளை உனக்குப் பிடிக்காது என்று அங்கே யாரிடம் சொல்வது?

பல மாதம் அந்தப் படத்தைத் திறக்கவே இல்லை. ஒரு நாள் பொழுது சாயும் நேரம், தாம்பரம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வண்டியிலிருந்து இறங்கிய ஒரு பெண், தோளில் இருந்த பையைக் கழற்றி என் மடியில் வைத்துவிட்டாள்.

"ஐயோ, ஸாரிக்கா. ஆள் இருக்கிறத கவனிக்கல."

எனக்குக் கோபமே வரவில்லை. "பரவால்லம்மா" என்றேன். அன்று நான் பேசிய முதல் வார்த்தை அதுதான் என்பது பிறகுதான் உறைத்தது.

மறுநாள் மஞ்சள் சட்டையை அழித்தேன். நீ சொன்ன சாம்பலில் அவரை உட்கார வைத்தேன். சட்டையின் ஓரம் எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று தெரியக்கூடாது. அந்த ஒரு கோட்டைக் கரைக்க நாள்கணக்கில் ஆயிற்று. சரியாக வந்ததா? நீ பார்த்திருந்தால் இன்னும் கொஞ்சம் மங்கலாக்கு என்றிருப்பாயோ?

உன் அம்மாவுக்குக் காட்டலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் தயங்கினேன். போன சனிக்கிழமை சாயங்காலம், வருகிறேன் என்று போன் செய்துவிட்டு, லேப்டாப்போடு போனேன். மகள் கண்ணாடி முன்னால் ஆடும் இடத்தில் அம்மா சிரித்தார். கடைசிக் காட்சி வந்ததும் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"அவர் எங்கம்மா போயிட்டாரு?"

அம்மா திரையை நோக்கிக் குனிந்தார். விரலை அங்கும் இங்கும் நகர்த்தி, ஓர் இடத்தில் நிறுத்தினார்.

"இதோ. இங்கயேதான் இருந்திருக்காரு."

படம் முடிந்து திரை கறுத்த பிறகும் விரலை எடுக்கவில்லை. அப்படியே சொன்னார்: "நீ வர்றேன்னு சொன்னதாலதான் இன்னைக்கு ஹால்ல லைட் போட்டேன். எனக்கு மட்டும்னா போடுறதில்ல."

அன்று அங்கேயே சாப்பிட்டேன். தோசை நன்றாக இருந்தது. உன்னைப் பற்றி இருவருமே பேசவில்லை.

படத்தைப் பார்த்த ஆபீஸ் நண்பர் ஒருவர், கடைசியில் ஆளே தெரியவில்லை, சட்டையை மட்டுமாவது வெளுப்பாக்குங்கள் என்கிறார். மாட்டேன். பார்க்கிறவர்கள் கொஞ்சம் குனிந்து தேடட்டும். இனி சனிக்கிழமைதோறும் உன் வீட்டு ஹாலில் விளக்கு எரியும், பியூலா. அது என் பொறுப்பு.

உன் அம்மாவுக்கு இப்போது மிச்சமிருக்கும் மகள்,
கௌரி