பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு குப்பி

செப். 14, செவ்வாய்

சோளகக் காற்று இன்னும் விழவில்லை. கூரைத் தகரம் காலையிலிருந்து அடித்துக்கொண்டே. பள்ளிவாசல்துறை கிளினிக். சின்னமுத்து (தட்டம்மை) ஊசிக்கு வர வேண்டிய ஒன்பது மாதப் பிள்ளைகள்: பதினொன்று. வந்தது: ஒன்று.

மற்றப் பத்து உம்மாமாருக்கும் நேற்றே ஃபோன் எடுத்தேன். ஒருத்தியின் பிள்ளைக்குத் தடிமனாம், மூக்கொழுகுதாம். ஒருத்திக்கு ஊரடங்காம், நேற்றுப் பின்னேரம்தான் அவளைப் பாண் கடை வரிசையில் கண்டேன், மாஸ்க் நாடியில். இன்னொருத்திக்கு வாட்ஸ்அப்பில் குரல் வந்ததாம்: "கிளினிக்குப் போனா மூக்குல குச்சி விட்டுப் பாத்து, வீட்டோட பிடிச்சிட்டுப் போவாங்களாம் மிஸ்ஸி." யாருடைய குரல்? தெரியாதாம். முகம் தெரியாதவன் சொன்னால் நம்புவாள். பதினெட்டு வருசம் வீடு வீடாக ஏறி இறங்கிய மிட்வைஃப் சொன்னால் அது வெறும் கதை. தூ.

வந்த ஒருத்தி ரிஸ்வானா, மீன்பிடிக்காரர் பெண்சாதி. மகள் ஸுமையா. ஒரு குப்பி மருந்து பத்துப் பிள்ளைக்கு. உடைத்தால் ஆறு மணித்தியாலம், மிச்சம் குப்பைக்கு. டொக்டர் தலை நிமிரவில்லை. "உடைக்கிறதெண்டா உடையுங்க. உங்கட விருப்பம்." வீணானதுக்கு விளக்கம் எழுதுவது அவரா? நான்தான்.

"பத்துப் பிள்ளை சேரட்டும். அடுத்த கிளினிக்குக்கு வாங்க" என்றேன்.

"பத்தா மிஸ்ஸி?"

"ஓம், பத்து."

வெயிலில் நடந்து போனாள்.

செப். 28

காற்று விழுந்துவிட்டது. ஈ, இலையான் தொல்லை. கிளினிக்குக்கு ஒருத்தரும் இல்லை. ரிஸ்வானாவும் இல்லை. இவளும் அந்தக் கூட்டம்தான். பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே சிவப்புக் கோடு.

டொக்டர் சூம் கூட்டத்தில் 'விழிப்புணர்வு' என்று ஐந்து தரம் சொன்னார். ஒருதரமாவது ஒரு படலையைத் தட்டியிருப்பாரா?

பல் வலி. கராம்பு வாங்க வேண்டும்.

அக். 2

கராம்பு வாங்கப் போன கடையில் கேட்டது: "ரிஸ்வானா ஆக்களா? காத்து விழுந்த கையோட கடல் பக்கம் வாடிக்குப் போயிட்டாங்க, குடிசை கட்டிக் கருவாடு போட. இனி அஞ்சு மாசம் வர மாட்டாங்க."

அஞ்சு மாதம். ஊசி இல்லாமல்.

சிவப்புக் கோட்டை றப்பரால் தேய்த்தேன். தாள் கிழிந்தது.

அக். 7, வியாழன்

டொக்டரைப் படகில் வாடிக்குக் கூட்டிப் போனேன்.

"ஒரு பிள்ளைக்காகவா?"

"ஓம், ஒரு பிள்ளைக்காக. விளக்கம் நான் எழுதுறன்."

படகில் அவருக்கு வாந்தி. பார்க்கச் சந்தோசமாகத்தான் இருந்தது.

வருவதாக ரிஸ்வானாவுக்கு முன்னமே ஃபோனில் சொல்லியிருந்தேன். இறங்கினால், கருவாட்டுப் பந்தலுக்குப் பக்கத்தில் பிள்ளைகள் வரிசையாக. கையில் ஊசிக் காட் அட்டை. முன்னால் ரிஸ்வானா, இடுப்பில் ஸுமையா.

"ரெண்டு நாளா வாடி வாடியா நடந்து சேத்தன் மிஸ்ஸி. பத்து இரிக்கி, எண்ணிப் பாருங்க. இப்ப உடைப்பீங்களா?"

எண்ணினேன். பத்துதான். ஒருவனுக்கு முன்பல் விழுந்திருக்கிறது. ஒருத்தி பள்ளிக்கூடச் சட்டையில். சிலருக்கு ஏற்கெனவே போட்டாயிற்று, அட்டையில் என் கையெழுத்தே இருக்கிறது. ஊசிக்கு உரியவர்கள்: மூன்று. டொக்டர் சிரிக்கப் பார்த்தார். முறைத்தேன். வாயை மூடினார்.

யாரை ஏசுவது? பத்து என்று சொன்னவள் நான். ஒரு தாளில் நாலு வரி எழுதப் பஞ்சிப்பட்டு, சோம்பலில் சொன்னது. மூன்று கிழமையாக ஊரையெல்லாம் ஏசினேன். தேடி வந்த ஒரே ஒருத்தியைத் திருப்பி அனுப்பியவளும் நான்தான். கேவலம்.

"பத்து வேணாம் ரிஸ்வானா. ஒண்டே போதும்."

"அப்ப அண்டைக்கு ஏன் மிஸ்ஸி?"

குப்பியை உடைத்தேன். முதலில் ஸுமையாவுக்குப் போட்டேன்.