காய்ந்து கிடந்த கயிறு

16 மே 1961, செவ்வாய்

புதுக் கிணறு வெட்டும் அரசாங்கப் பட்டியலிலிருந்து மல்லாங்கிணறு பக்கத்து ஊர் ஒன்றை எடுத்துவிட்டார்கள். மாசியில் கிணற்றை அளந்து, 'தண்ணீர் போதும்' என்று அறிக்கை எழுதியவன் நான். ஊராரிடம் சொல்லிவிடலாம் என்று இன்று போனேன். கிணற்றில் சேறுதான் இருந்தது.

"அன்றைக்கு இவ்வளவு தண்ணீர் இருந்ததே?" என்று கிணற்றடியில் நின்ற ஊர்ப் பெண் அன்னத்தாயைக் கேட்டேன்.

சிரித்தாள். "ஆபீசர் வாராகன்னு ரெண்டு நாளா ஒருத்தரும் வாளி போடலய்யா. வெறுங்கெணத்தக் காட்டுனா ஊருக்கு அசிங்கம்ல? கம்மாய்ல ஊத்துத் தோண்டித்தான் குடிச்சோம்."

எனக்கு அன்றே சந்தேகம் தட்டியது. பெண்கள் தண்ணீர் இறைக்கிற காலை நேரத்தில் கயிறு காய்ந்து கிடந்தது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். விருதுநகர் பஸ் போய்விடுமே என்று அளவை எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

"வெயில்ல வந்திருக்கீக, குடிங்க" என்று செம்பை நீட்டினாள். கலங்கல் தண்ணீர். மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

"புதுக் கெணறு எப்பய்யா வெட்டுவாக?"

செம்பை அவள் கையில் திருப்பிக் கொடுத்தேன்.

"எழுதியிருக்கேம்மா" என்றேன்.

அது மட்டும் பொய்யில்லை.