கரையிலேயே நில்லுங்கள்

தரங்கம்பாடி,
28.5.2024

அன்புத் தங்கை சந்திரலேகாவுக்கு,

நானும் உன் அண்ணி எல்லையம்மாளும் சுகம். திருவிழாவுக்குக்கூட நீ வரவில்லை. வக்கீலம்மாவுக்கு எங்கள் ஞாபகம் எங்கே இருக்கப்போகிறது! போனில் பேசலாமென்றால் மருதையனின் ஆள் எப்போதும் பக்கத்திலேயே இருக்கிறான். அதனால்தான் கடிதம்.

தப்புப் பண்ணிவிட்டேன் லேகா. அரசு தடை செய்த சுருக்குமடி வலையைப் போட்டு மருதையனும் நானும் கூட்டுத் தொழில் செய்வதாகப் பேச்சு. வலை அவனுடையது, படகு என்னுடையது. என் பேரில் பழைய கேஸ் இருப்பதால் படகை அவன் பேருக்கு மாற்றிக் கொடுத்தேன். தொழிலை நிறுத்தினால் படகைத் திருப்பித் தரவேண்டும் என்று பத்திரம் எழுதிக் கையெழுத்தும் போட்டோம். நகல் இத்துடன் வைத்திருக்கிறேன். நேற்று படகைத் திருப்பிக் கேட்டதற்கு, "படகு என்னுது. முடிஞ்சா கோர்ட்டுல போய்க் கேளு" என்று சிரிக்கிறான். கேஸ் போடலாமா?

அண்ணன்
செல்லத்துரை

தஞ்சாவூர்,
5.6.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

பத்திரத்தில் சுருக்குமடி என்றே எழுதி வைத்திருக்கிறீர்களே, உங்களை என்ன சொல்ல! சட்டவிரோத ஒப்பந்தத்துக்குக் கோர்ட் கை கொடுக்காது. ஏமாற்றியவனிடம் இருப்பது அவனிடமே இருக்கட்டும் என்று விட்டுவிடும். இது என்ன நியாயம் என்று என் சீனியரிடம் சண்டையே போட்டேன். "கள்ளத் தொழிலுக்குக் கோர்ட்டு காவல் நிக்கணுமாம்மா?" என்றார்.

ஒரே ஒரு வழி இருக்கிறது. தொழில் இன்னும் தொடங்கவில்லை. மீன்பிடித் தடைக்காலம் 14ஆம் தேதிதான் முடிகிறது. அதற்குள் விலகிவிட்டால் படகைக் கேட்டு வாதாட இடமுண்டு. அந்த வலையோடு நீங்கள் ஒரு தடவை கடலுக்குப் போய்விட்டால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. இத்துடன் உள்ள நோட்டீஸில் கையெழுத்துப் போட்டு அவனுக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 15ஆம் தேதி அவன் என்ன சொன்னாலும் கரையிலேயே நில்லுங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணே.

உங்கள்
லேகா

தரங்கம்பாடி,
16.6.2024

லேகாவுக்கு,

கோபப்படாதே. நோட்டீஸில் கையெழுத்துப் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். ஊர்ப் பகை ஆகிவிடுமே என்று நாளைக்கு, நாளைக்கு எனத் தள்ளிவிட்டேன்.

நேற்றுக் காலை கரையில்தான் நின்றேன், சத்தியமாக. அவன் இன்ஜினைப் போட்டான். இப்போது விட்டால் என் படகு திரும்பவே வராது என்று பயந்து ஏறிவிட்டேன். படகை விடக்கூடாது என்றுதானே ஏறினேன்? வலையை நான் தொடவில்லை. சுக்கான் மட்டும்தான் பிடித்தேன்.

திரும்பி வந்ததும் என் பங்கென்று ஒரு கூடை மத்தி கொடுத்தான். முதல் நாள் பங்கை மறுத்தால் கடலம்மாவை அவமதித்ததாகிவிடும். ஊரே பார்க்க வாங்கிக்கொண்டேன். அவன் அதைப் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறான்.

உன் அண்ணி குழம்பு வைத்தாள். எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. சாப்பிடாவிட்டால் பங்கு வாங்காத மாதிரிதானே லேகா? உடனே பதில் போடு.

அண்ணன்
செல்லத்துரை