சார் மூழ்கடித்த கப்பல்

அன்புள்ள அம்மாவுக்கு லிண்டா எழுதுவது. மாதா துணையால் நலம். உங்கள் மூட்டுவலி குறைந்ததா?

மஸ்கட்டில் நான் பார்த்துக்கொள்ளும் வெள்ளைக்காரப் பெரியவருக்கு நூறு வயது தாண்டிவிட்டது. உலகப் போரில் கடற்படை விமானம் ஓட்டி, டார்பிடோ போட்டு ஒரு கப்பலை மூழ்கடித்தவர். அரசாங்கம் கப்பலை எண்ணிப் பதக்கம் கொடுத்தது. அதிலிருந்த ஆட்களை எண்ணும் வேலையை அவரிடமே விட்டுவிட்டது. தினமும் கேட்பார்: "தண்ணியில விழுந்தவங்கள யாராவது தூக்கினாங்களா, சிஸ்டர்?"

கடலுக்குப் போய்ப் புயலில் திரும்பாத தம்பி ரெனீஷைப் பற்றி நீங்கள் இத்தனை வருடமாகச் சொல்வதையே நேற்று அவரிடம் சொன்னேன். "வேற கப்பல்காரன் தூக்கியிருப்பான், சார். எங்கயாவது கரையில இருப்பாங்க."

அவர் நம்பிவிட்டார். கஞ்சியை மிச்சம் வைக்காமல் குடித்தார். நானும் நம்பத்தான் பார்க்கிறேன், அம்மா.

மழைக்கு முன்னால் ரெனீஷின் சட்டைகளை வெயிலில் போட்டு எடுங்கள், பூசணம் பிடித்துவிடும். டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்,
லிண்டா